உப்பளத்தைக் கதையாக எழுதுவது எப்படி? ராஜம் கிருஷ்ணன் காட்டிய வழி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர் மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டுவார்கள். சாலையோரத்திலேயே உப்பளம் தொடங்கிவிடும். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீர், கூம்பு கூம்பாகக் குவித்த உப்பு, தலைச்சுமையோடு வரப்பில் நடக்கும் பெண்கள். போட்டோ எடுக்க நல்ல இடம். கதை எழுதும் ஆசை உள்ளவர்களுக்கு ‘இதை எழுதியே ஆகணும்’ என்று தோன்றவைக்கும் இடமும்கூட.

ஆனால், எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் வருவது ஒரே மாதிரியான வரிகள்தான். வெயில் சுட்டெரித்தது. வியர்வையும் உப்பு, கண்ணீரும் உப்பு. இரண்டாவது பக்கத்தில் கதை நின்றுவிடும். எழுதுபவருக்குத் திறமை போதவில்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. அந்தப் பெண் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், கூலியை யார் கையிலிருந்து வாங்குவார், மழைக்காலத்தில் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பதெல்லாம் எழுதுபவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தை உவமையால் நிரப்பப் பார்க்கிறார். அங்கேதான் சிக்கல்.

இந்தச் சிக்கலை நேரடியாகச் சென்று சந்தித்த தமிழ் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவல் 1979-ல் வெளிவந்தது. அதன் களம் மரக்காணம் அல்ல, தூத்துக்குடி. ஆனாலும், எந்த உப்பளத்தைப் பற்றி எழுத நினைப்பவரும் அவர் வேலை செய்த விதத்திலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அந்த முறையின் வரம்புகளிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

மரக்காணத்தில் ஒரு கதாசிரியருக்கு என்ன இருக்கிறது?

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர் மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவது இந்தப் பகுதியில்தான். பக்கத்திலேயே கழுவேலி சதுப்பு நிலம். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. கடல், கழி, கால்வாய், சதுப்பு, உப்பளம், மீனவர் குப்பம், உள்ளே போனால் நெல் வயல். சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இத்தனை விதமான வாழ்க்கை.

உப்பு விளையும் விதத்தைத் தெரிந்துகொண்டாலே கதைக்கான முடிச்சுகள் பல கிடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஆண்டின் தொடக்கத்தில் வேலை ஆரம்பிக்கிறது. முதலில் பாத்திகளைச் சீர்செய்ய வேண்டும். களிமண் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இறுகினால்தான் நீர் கீழே இறங்காது. பிறகு உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவைப்பார்கள். சாதாரணக் கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 டிகிரியை ஒட்டி இருக்கும். அது 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பேறிவிடும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட்டு, பலகையால் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும்.

நடுவில் ஒரு கோடை மழை ஒரு மணி நேரம் அடித்தால் போதும். படிந்த உப்பு கரைந்துவிடும். பல நாள் வேலை போச்சு. அக்டோபர் வந்துவிட்டால் அளத்தில் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்காகத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்கிவருகிறது. மீதிச் செலவுக்கு என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீடும் சொல்லும் பதில் வேறு வேறாக இருக்கும். ஒவ்வொரு பதிலும் ஒரு கதை.

ராஜம் கிருஷ்ணன் என்ன செய்தார்?

1925-ல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய வேலை நிமித்தமாக நீலகிரியில் வாழ நேர்ந்தபோது, அங்குள்ள படகர் சமூகத்தின் வாழ்க்கையைக் கவனித்துத் தெரிந்துகொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘குறிஞ்சித்தேன்’.

அதன்பிறகு அதுவே அவருடைய எழுத்து முறையாகிவிட்டது. மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’, தஞ்சை வட்டாரத்து விவசாயக் கூலிகளைப் பற்றிச் ‘சேற்றில் மனிதர்கள்’, தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிக் ‘கூட்டுக் குஞ்சுகள்’ என ஒவ்வொரு நாவலுக்கும் அந்தந்த இடத்துக்குப் போனார். மக்களோடு பேசினார், பழகினார், பிறகு எழுதினார். தமிழ் நாவலில் ‘கள ஆய்வு’ என்ற சொல்லோடு முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றாக அவர் ஆனது இப்படித்தான். ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

‘கரிப்பு மணிகள்’ நாவலில் பொன்னாச்சி என்ற இளம்பெண் உப்பளத்தில் கூலி வேலைக்குப் போகிறாள். கங்காணியின் அதிகாரம், பெண்களுக்கு நேரும் தொல்லை, குடிநீருக்கு அலைவது, கூலியில் நடக்கும் பிடித்தம், சங்கம் சேரும் முயற்சி எல்லாம் அவளையும் அவளைச் சுற்றி உள்ளவர்களையும் வைத்தே சொல்லப்படுகின்றன. சாலையிலிருந்து பார்க்கிற ஒருவர் இதை ஊகித்து எழுத முடியாது.

கள ஆய்வு என்றால் பேட்டி எடுப்பதா?

இல்லை. புதிதாக எழுத வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நோட்டும் பேனாவுமாகப் போய் “உங்க கஷ்டம் என்னம்மா?” என்று கேட்டால், கஷ்டத்தின் பட்டியல்தான் கிடைக்கும். பத்திரிகைச் செய்திக்கு அது போதும். கதைக்குப் போதாது.

கதாசிரியருக்குத் தேவைப்படுவது வேறு. கால் வெடிப்பில் உப்புநீர் பட்டால் எரியுமே, வீட்டுக்குப் போனதும் காலுக்கு என்ன பூசுகிறார்கள்? மதியச் சோற்றை எங்கே வைக்கிறார்கள், நிழலே இல்லாத இடத்தில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? இரண்டு பெண்கள் சேர்ந்து சுமக்கும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள்? முதலாளி வந்தால் பேச்சு எப்படி மாறுகிறது? மேகம் கறுத்தால் முதலில் யார் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார்? இதில் பாதியைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கூட இருந்து பார்க்க வேண்டும்.

உலக அளவிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி சோலா, ‘ஜெர்மினல்’ நாவலுக்காக 1884-ல் பிரான்ஸின் வடபகுதியில் இருக்கும் அன்சான் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். அப்போது அங்கே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்துக்குள்ளேயும் இறங்கினார். வண்டி இழுக்கும் குதிரைகளைச் சின்ன வயதிலேயே உள்ளே இறக்கிவிடுவார்கள், அவை சாகும்வரை அங்கேயே கிடக்கும் என்பது அவருக்கு அங்கே தெரியவந்தது. நாவலில் வரும் இரண்டு குதிரைகள் அந்தத் தகவலிலிருந்து உருவானவை. சுரங்கத்தைப் பற்றி அவர் திரட்டிய நூற்றுக்கணக்கான விவரங்களை மறந்துபோன வாசகருக்கும் அந்தக் குதிரைகள் நினைவில் இருக்கும்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1890-ல் சகாலின் என்ற தண்டனைத் தீவுக்குப் போய் மூன்று மாதம் தங்கினார். வீடு வீடாகச் சென்று சுமார் 10,000 பேரின் விவரங்களை அட்டைகளில் குறித்தார். அதை வைத்து அவர் எழுதியது ஓர் ஆய்வு நூல். அந்தப் பயணத்தின் தடம் உள்ள சிறுகதைகளோ சிலதான். ஆயிரக்கணக்கான அட்டைகளுக்கு நாலைந்து கதை. கள ஆய்வில் இறங்குபவர்கள் இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சேகரித்ததையெல்லாம் கதைக்குள் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சங்கப் புலவர்கள் உப்பை எப்படி எழுதினார்கள்?

ஒரே ஒரு விவரத்தை வைத்து ஒரு வாழ்க்கையையே காட்டும் வித்தைக்குத் தமிழிலேயே பழைய பாடம் இருக்கிறது. அகநானூற்றின் 140-வது பாடல் அம்மூவனார் பாடியது. உப்பு விற்கும் பெண் ஒருத்தி, நெல்லுக்குச் சமமாக உப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கூவிக்கொண்டு தெருவில் வருகிறாள். வீட்டு நாய்க்குப் பழகிய குரல் எது, பழகாத குரல் எது என்று தெரியும். அது குரைக்கிறது. அவள் மிரண்டு பார்க்கிறாள். அந்தப் பார்வையில் தலைவன் விழுந்துவிடுகிறான்.

இங்கே நாய் எதற்கு? அவள் அந்த ஊர்க்காரி இல்லை, ஊர் ஊராகப் போய் விற்கிறவள் என்பது அந்த நாய் குரைத்ததுமே தெரிந்துவிடுகிறது. விளக்கம் தேவைப்படவில்லை. பாடலின் முடிவில் தலைவன் தன் தவிப்பைச் சொல்ல எடுக்கும் உவமையும் கவனிக்க வேண்டியது. சேற்றில் புதைந்த உப்பு வண்டியை இழுத்து மூச்சுவாங்கும் அவளுடைய தந்தையின் காளையைப் போல வருந்துவதாகச் சொல்கிறான். உவமையை நிலாவிலோ மலரிலோ தேடாமல், அவளுடைய தொழிலிலிருந்தே எடுத்திருக்கிறார் புலவர்.

மரக்காணத்துக்கு இன்னும் நெருக்கமான நூல் சிறுபாணாற்றுப்படை. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதே நூலில், கொற்கையைச் சொல்லும் இடத்தில், உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியோடு போகும் ஒரு பெண் குரங்கு வருகிறது. சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பையாக்கி, உமணர் வீட்டுக் குழந்தைகளோடு அது விளையாடுகிறது. அந்தக் குழந்தைகள் வளர்வதே வண்டியோடுதான் என்பதும், முத்து அங்கே விளையாட்டுப் பொருளாகும் அளவுக்கு மலிந்து கிடக்கிறது என்பதும் ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன.

எந்தப் பேச்சில் எழுதுவது?

‘கரிப்பு மணிகள்’ படித்த பாதிப்பில் ஒருவர் மரக்காணத்துப் பாத்திரங்களுக்குத் தூத்துக்குடிப் பேச்சைப் போட்டுவிட்டால் கதை அங்கேயே கெட்டுவிடும். தெற்கே ‘அவிய வந்திருக்காவ’ என்றால், இங்கே ‘அவங்க வந்துகினு இருக்காங்க’. தொழில் ஒன்றுதான், பேச்சு வேறு. பாத்திக்கும் பலகைக்கும் கூலி முறைக்கும் ஒவ்வொரு கரையிலும் புழங்கும் சொற்களும் வேறுபடலாம். தெரியாத சொல்லை இன்னொரு ஊரிலிருந்து இரவல் வாங்குவதைவிட, பொதுத்தமிழில் எளிமையாகச் சொல்லிவிட்டுப் போவது மேல்.

இதற்கு வழிகாட்டிகள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். கரிசல் வட்டாரத்துச் சொற்களை அகராதியாகத் தொகுத்த கி.ராஜநாராயணன், 1989-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குச் சிறப்புப் பேராசிரியராக வந்து, பிறகு 2021-ல் மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த நாவலாசிரியர் கண்மணி குணசேகரன், பழைய தென்னார்க்காட்டை ஒட்டிய நடுநாட்டுச் சொற்களுக்குத் தனி அகராதியே தந்திருக்கிறார். ஆனால், அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு வசனம் எழுத முடியாது. காதில் விழுந்த பேச்சைச் சரிபார்த்துக்கொள்ளத்தான் அகராதி. வட்டாரச் சொல்லை வரிக்கு வரி திணித்தாலும் ஆபத்துதான். வாசகர் கதையை விட்டுவிட்டுச் சொல்லுக்கு அர்த்தம் தேடப் போய்விடுவார்.

தகவல் எப்போது கதையாகிறது?

ராஜம் கிருஷ்ணனின் முறைமீது விமர்சனமும் உண்டு. அவருடைய நாவல்களில் தகவல் மிகுந்துவிடுகிறது, பாத்திரங்கள் கருத்தைச் சொல்லும் கருவிகளாகிவிடுகின்றன என்பது விமர்சகர்களில் ஒரு சாராரின் கருத்து. கள ஆய்வு செய்து எழுதும் எவருக்கும் காத்திருக்கும் பள்ளம் இது. சிரமப்பட்டுத் திரட்டிய விவரத்தை விட்டுவிட மனசு வராது.

ஒரு பயிற்சியாக, ‘கோடை மழையில் உப்பு கரைந்துவிடும்’ என்ற ஒரே தகவலை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதல் விதம்: ‘கோடை மழையால் உப்பு உற்பத்தி பாதிக்கப்படுகிறது. தொழிலாளர்கள் வருமானம் இழக்கிறார்கள்.’ இது அறிக்கை.

இரண்டாவது விதம்: ‘வானம் அழுதது. அவளும் அழுதாள். அவள் கனவுகள் உப்பாய்க் கரைந்தன.’ இது சாலையோரத்தில் நின்று எழுதியது. உப்பளத்துக்குப் பதில் எந்தத் தொழிலை வைத்தாலும் பொருந்திவிடும்.

மூன்றாவது விதம்: ‘தகரத்தில் முதல் துளி விழுந்த சத்தத்துக்கே அவள் எழுந்து உட்கார்ந்தாள். “தூறல்தாம்மா, நின்னுரும், படு” என்றான் மகன். அவள் பதில் சொல்லவில்லை. இருட்டில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். உப்பு வார இன்னும் ரெண்டு நாள். சீட்டுப் பணம் கட்ட மூணு நாள்.’

மூன்றாவதில் ‘கஷ்டம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால், உப்பு வாருவதற்கு ஒரு நாள் கணக்கு இருக்கிறது, அந்த வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும், வீட்டில் ஒரு தவணை காத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மகனுக்குத் தூறல், அம்மாவுக்கு வேறு ஒன்று. இந்த வித்தியாசத்தில்தான் கதை தொடங்குகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று வாசகர் கேட்கத் தொடங்குகிறார். இதை எழுத உப்பளத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததில் பெரும்பகுதியைச் சொல்லாமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியாள் எழுதலாமா?

ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளி அல்ல. வெளியிலிருந்து போனவர். ‘யாருடைய வாழ்க்கையை யார் எழுதுவது?’ என்ற கேள்வி இன்று இன்னும் கூர்மையாகவே கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான்.

தமிழில் கடற்கரையை எழுதிய வரலாறு இதற்கு ஒரு விதத்தில் பதில் சொல்கிறது. 1970-களில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ வந்தது, ராஜம் கிருஷ்ணனின் நாவல்கள் வந்தன. பிறகு மீனவச் சமூகத்திலிருந்தே வந்த ஜோ டி குரூஸ் 2004-ல் ‘ஆழி சூழ் உலகு’ எழுதினார். தூத்துக்குடி உப்பளத்தை வைத்து ஸ்ரீதர கணேசன் ‘உப்பு வயல்’ எழுதினார். முந்தையதை அடுத்தது அழிக்கவில்லை. ஆனால், உள்ளே இருந்து வந்த எழுத்து, வெளியாள் பார்க்காத பலவற்றைக் காட்டியது. உப்பளத் தொழிலாளி என்றால் எப்போதும் துயரத்திலேயே இருக்க வேண்டுமா? அவருக்குக் கோபம், பொறாமை, கேலி, சின்னத் தந்திரம், சினிமா ஆசை எல்லாம் உண்டு. அனுதாபத்தோடு மட்டும் வருகிறவர் இவற்றைத் தவறவிட்டுவிடுவார்.

அதோடு ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஒருவர் நம்பிச் சொன்னதை, ஊரில் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்ளும்படி அப்படியே எழுதினால், நாளைக்கு வேலை போவது எழுதியவருக்கு அல்ல. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வயது, குடும்பம், சம்பவம் எல்லாவற்றையும் கலைத்துச் சேர்க்க வேண்டும். புனைவு என்ற வடிவம் அதற்கு இடம் தருகிறது.

எங்கிருந்து தொடங்கலாம்?

1. ஒரே தடவை போய் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல வேண்டாம். பாத்தி மிதிக்கும் பருவத்தில் ஒரு தடவை, உப்பு வாரும் கோடையில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை என்று ஒரே இடத்துக்கு மூன்று முறை போகலாம்.

2. அளத்துக்குள் போகும் முன் அனுமதி கேட்க வேண்டும். எழுதுவதற்காக வந்திருப்பதை மறைக்கக் கூடாது. வேலை நேரத்தில் கேள்வி கேட்டு நிறுத்திவைத்தால் அது அவர்கள் கூலியைப் பாதிக்கலாம்.

3. அங்கேயே எல்லாவற்றையும் குறிக்கத் தேவையில்லை. அன்று இரவு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கலாம். நினைவில் தங்கிய பேச்சும் காட்சியும்தான் பெரும்பாலும் கதைக்கு உதவும்.

4. முதலில் நாவல் வேண்டாம். ஒரு ஆள், ஒரு நாள், ஒரு முடிவு என்று நாலு பக்கச் சிறுகதையாக எழுதலாம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, இன்னொரு வருஷம் அதே அளத்தில் இருப்பதா என்ற ஒரு முடிவே ஒரு கதைக்குப் போதும்.

5. எழுதியதை அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். “இந்த மாசத்துல யாரு உப்பு வாருவா?” என்று அவர் சிரித்தால், அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

ராஜம் கிருஷ்ணனின் நூல்களை அவர் உயிரோடு இருந்தபோதே, 2009-ல், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. 2014 அக்டோபர் 20-ல் அவர் காலமானார். ‘கரிப்பு மணிகள்’ இணையத்தில் மதுரைத் திட்டத்தின் மின்னூலாக இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு மரக்காணம் போகிறவர், போட்டோவுக்கு ஏற்ற மே மாதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நவம்பரிலும் ஒரு நடை போய்வருவது நல்லது. பாத்திகளில் மழைநீர்தான் நிற்கும். உப்பு இருக்காது, கூட்டம் இருக்காது. பேச மட்டும் ஆட்களுக்கு நேரம் இருக்கும்.